பன்னிரண்டு ஞாயிறும் ஒரு கையேடும்: கடலோரத்தில் ஒரு சமூகவியல் வகுப்பு

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் சாலையில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இயங்கும் பயிற்சி நிலையம் ஒன்று ஆண்டுக்கு இருமுறை 'சமூகவியல் அறிமுகம்' என்ற பெயரில் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளை நடத்துகிறது. தையில் சேர்ந்து சித்திரையில் முடித்தேன். கட்டணம் 3,500 ரூபாய். 164 பக்கக் கையேடும் அதில் அடக்கம். நேரம் காலை பத்து முதல் ஒரு மணி வரை. நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பல, சிற்றூர்களில் இயங்கும் இத்தகைய நிலையங்கள் அனைத்துக்கும் பொதுவானவை. ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் காட்டிவிட்டு மற்றவற்றைத் தப்பவிடுவது நியாயமாகாது.

வகுப்பில் நாங்கள் 23 பேர். குடிமைப் பணித் தேர்வுக்குச் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்திருந்த இளைஞர்கள் பாதிக்கு மேல். பாலினமும் பள்ளியும் பற்றிய தாளை எழுதவேண்டிய பி.எட். மாணவிகள் சிலர், ஓர் அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழு ஒன்று பாதிக் கட்டணத்தைச் செலுத்தி அனுப்பிவைத்த, கடலில் பாசி எடுக்கும் இரு பெண்கள் ஆகியோர் மற்றவர்கள். நான் அரசுப் பள்ளித் தமிழாசிரியை. எட்டாம் வகுப்பில் ஐம்பால் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "எங்க அம்மா அப்பாவை 'அவரு'ங்கிறாங்க, அப்பா அம்மாவை 'அவ'ங்கிறாரு. இதுக்கு இலக்கணத்துல என்ன விதி டீச்சர்?" என்று கேட்டாள். உயர்வுப் பன்மை என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த உயர்வு ஏன் ஒரு பக்கமாகவே பாய்கிறது என்பதற்கு நன்னூலில் விடை இல்லை. விடை இருக்கக்கூடிய இடம் சமூகவியல் என்று தோன்றியதால்தான் சேர்ந்தேன். ஆகவே இந்த மதிப்பீட்டில் பாலினம் பற்றிய பகுதிக்கே அதிக இடம் தருகிறேன்.

முதல் நான்கு வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அகஸ்ட் காம்ட் 1838இல் சமூகவியல் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது, தற்கொலை என்னும் தனிமனிதச் செயலுக்கும் சமூகக் காரணம் உண்டு என்று எமில் துர்கைம் 1897இல் புள்ளிவிவரங்களோடு நிறுவ முயன்றது, மார்க்ஸ், வெபர் என்று எல்லாப் பாடநூல்களிலும் உள்ள வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கையேட்டை வாசித்துக்கொண்டே போனார். காம்ட்டின் பெருநூலைச் சுருக்கி 1853இல் ஆங்கிலத்தில் தந்த ஹேரியட் மார்ட்டினோவின் பெயர் கையேட்டில் எங்கும் இல்லை. பாலினம் பற்றித் தனி இயல் ஒன்றை வைத்துவிட்டு, துறையின் தொடக்கத்திலேயே நின்ற ஒரு பெண்ணை விட்டுவிட்ட கையேடு அது என்பதை அப்போதே குறித்துக்கொண்டேன். சார்லஸ் கூலி 1902இல் சொன்ன 'கண்ணாடித் தன்னிலை' மட்டும் அந்த நான்கு வாரங்களில் மனத்தில் நின்றது: மற்றவர் நம்மை எப்படிக் காண்கிறார் என்று நாம் கற்பனை செய்கிறோமோ, அந்தக் கற்பனையிலிருந்தே நம்மைப் பற்றிய நம் எண்ணம் உருவாகிறது. பின்னால் வந்த வகுப்புகளுக்கு இது அடித்தளமாக இருந்தது என்பது நடத்தியவருக்கே தெரிந்திருந்ததா என்பது எனக்கு ஐயம்தான்.

கையேட்டின் பாலின இயல் 22 பக்கங்கள் கொண்டது. அதில் எட்டுப் பக்கம் அட்டவணை: அறிஞர் பெயர், ஆண்டு, ஒரு வரிக் கருத்து. ஒரு வரியில் அடக்கப்பட்ட கருத்துகளைப் படித்தவர் எவருக்கும் பாலினம் எப்படி உருவாகிறது என்பது விளங்காது. யார் எதைச் சொன்னார் என்பது மட்டும் நினைவில் தங்கும். அதுவாவது சரியாகத் தங்குமா என்றால் அதுவும் இல்லை. சிமோன் த போவாரின் 'இரண்டாம் பால்' என்ற புகழ்பெற்ற நூல் வெளியான 1949ஆம் ஆண்டு இங்கே 1969 ஆகியிருக்கிறது. மார்கரெட் மீட் மூன்று இனக்குழுக்களின் ஆண், பெண் இயல்புகளை ஒப்பிட்டது சமோவாவில் என்று அச்சிட்டிருக்கிறார்கள். சமோவா பற்றிய அவரது நூல் 1928இல் வந்தது. அரபேஷ், முண்டுகுமோர், சாம்புலி ஆகிய குழுக்களை அவர் கண்டது நியூ கினியில், அதைப் பற்றி எழுதியது 1935இல். முதல் குழுவில் இருபாலரும் மென்மையானவர்கள், இரண்டாவதில் இருபாலரும் மூர்க்கமானவர்கள், மூன்றாவதில் நாம் பழகிய வரிசை தலைகீழ் என்று அவர் காட்டிய சித்திரம் அளவுக்கு மீறி ஒழுங்காக இருப்பதாகப் பின்வந்த ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். தேர்வு எழுதப் போகிறவர்கள் காசு கொடுத்து வாங்கும் நூலில் இவை அச்சுப்பிழை என்ற பெயரில் மன்னிக்கத்தக்கவை அல்ல.

எனக்கு மிகவும் உறுத்தியது கலைச்சொல் குழப்பம். பால், பாலினம், பாலியல் என்ற மூன்று சொற்களும் ஒரே பக்கத்தில் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குகின்றன. பால் என்னும் சொல்லுக்குப் பகுப்பு என்பதே பழைய பொருள். ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று இலக்கணம் பகுத்தது அந்தப் பொருளில்தான். சமூகவியல் தமிழுக்கு வந்தபோது, உடற்கூறு சார்ந்த வேறுபாட்டைப் பால் என்றும், அந்த வேறுபாட்டின் மேல் சமூகம் கட்டியெழுப்பும் எதிர்பார்ப்புகளையும் ஏற்றத்தாழ்வுகளையும் பாலினம் என்றும் பிரித்து வழங்கத் தொடங்கினார்கள். ராபர்ட் ஸ்டோலர் 1968இல் உளவியல் நோக்கில் பேசிய இந்தப் பிரிவை, ஆன் ஓக்லி 1972இல் சமூகவியலுக்குள் நிலைபெறச் செய்தார். இயலின் முதல் பக்கத்தில் இதைச் சொல்லிவிட்டு மூன்றாம் பக்கத்தில் 'பாலியல் சமூகமயமாதல்' என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? எங்கள் வகுப்பு இளைஞர் ஒருவர் மாதிரித் தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண் இழந்தார். திருத்தியவர் அதே நிலையத்தைச் சேர்ந்தவர்.

இதனினும் பெரிய பிழை ஜூடித் பட்லரின் 1990ஆம் ஆண்டுக் கருத்தை 'பாலினம் ஒரு நடிப்பு' என்று மொழிபெயர்த்திருப்பது. நடிப்பு என்றால் வேடத்துக்குப் பின்னால் வேறொரு ஆள் இருக்க வேண்டும். நாடகம் முடிந்ததும் அவர் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். பட்லர் சொல்வது அதற்கு நேர்மாறானது. திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல்களே 'இவள் பெண்', 'இவன் ஆண்' என்ற உள்ளியல்பு முன்பே இருந்தது போன்ற தோற்றத்தை உண்டாக்குகின்றன. செயலுக்கு முன்பாக அதைச் செய்யும் ஆள் ஆயத்தமாக நிற்பதில்லை என்பதே அவரது வாதம். நிகழ்த்துதல் என்று எழுதியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். கையேட்டைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இதுதான்: அதை வாங்காமல் வகுப்பில் மட்டும் சேர வழியிருந்தால் அதுவே நல்லது. ஆனால் அப்படி ஒரு வழி வைத்திருக்கவில்லை.

இவ்வளவையும் மீறி இந்த வகுப்பைப் பரிந்துரைக்கிறேன் என்றால், ஐந்தாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரம் வரை நடத்திய இளம் விரிவுரையாளரே காரணம். முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பவர், பக்கத்து ஊர்க்காரர். முதல் நாளே கையேட்டை மூடி வைக்கச் சொன்னார். ஆறாவது ஞாயிறன்று அவர் பாடத்தைத் தொடங்கிய விதத்தை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். பாசி எடுக்கும் பெண்களில் மூத்தவரைப் பார்த்து, "அக்கா, பாசிக்குப் போகும்போது என்ன உடுத்துவீங்க?" என்றார்.

"சேலைக்கு மேல வீட்டுக்காரர் சட்டை டீச்சர். முழுக்கைச் சட்டைன்னா பாறை கிழிக்காது. விரல்ல துணி சுத்திக்கிருவோம், கண்ணுக்குக் கண்ணாடி."

"கரைக்கு வந்ததும்?"

"வள்ளத்துலயே கழட்டிருவேன். ஊருக்குள்ள சட்டையோட நடந்தா சிரிப்பாக டீச்சர்."

"கடல்ல யாரும் சிரிக்கிறதில்லையா?"

"கடல்ல எல்லாருக்கும் சட்டைதான்."

வகுப்பு சிரித்தது, அவரும் சிரித்தார். அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் அந்தச் சட்டையை வைத்தே கேண்டஸ் வெஸ்ட், டான் சிம்மர்மன் இருவரும் 1987இல் எழுதிய கட்டுரையை விரிவுரையாளர் விளக்கினார். பாலினம் என்பது ஒருவரிடம் உள்ள குணம் அன்று, பிறர் முன்னிலையில் இடைவிடாமல் செய்துகொண்டிருக்கும் வேலை என்பது அவர்கள் கூற்று. உடற்கூறு அடிப்படையில் குறிக்கப்படும் பால் ஒன்று. அன்றாட வாழ்வில் யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை என்பதால், உடை, நடை, குரல் ஆகியவற்றைக் கொண்டு பிறர் நம்மைச் சேர்க்கும் பால்வகை மற்றொன்று. அந்த வகைக்குத் தக்கபடி நடந்துகொள்கிறோமா என்று ஊர் கேட்கக்கூடிய கணக்குக்கு விடைசொல்லும் விதமாக நடந்துகொள்வது மூன்றாவது. ஹெரால்டு கார்ஃபிங்கல் 1967இல் எழுதிய, பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டுப் பெண்ணாக வாழ்ந்த ஆக்னஸ் என்ற இளம்பெண்ணைப் பற்றிய ஆய்விலிருந்து இந்தச் சிந்தனை தொடங்கியது என்பதையும் அவர் சொன்னார். கடலுக்குள் சட்டை ஒரு கருவி. அங்கே கணக்குக் கேட்பவர் இல்லை. வள்ளம் கரையைத் தொடும் முன்பே கணக்குத் தொடங்கிவிடுகிறது. 'சிரிப்பாக' (சிரிப்பார்கள்) என்ற ஒரே சொல்லில் அந்தக் கட்டுரையின் மையக் கருத்து அடங்கியிருந்தது.

நான் சிரிக்கவில்லை. என் தாயும் பாசிக்குப் போனவர். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் காய்ந்துகொண்டிருக்கும் மணலில்தான் நான் எழுத்துப் பழகினேன். ஒன்றிலிருந்து அகர், மற்றொன்றிலிருந்து ஆல்ஜினேட் என்ற கூழ்மப் பொருள்களை எடுக்கிறார்கள் என்பது கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. அம்மா கரையேறும்போது அப்பாவின் நீலச் சட்டையை மடித்துக் கூடையின் அடியில் வைத்து, அதன்மேல் பாசியைப் பரப்பி மூடியிருப்பார். ஈரச் சட்டை பாசியின் எடையோடு சேர்ந்துவிடாதிருக்க வியாபாரி அதை எடுத்து வெளியே போடும்போது அம்மாவின் முகம் ஏன் கறுத்தது என்பதை இத்தனை வருடம் நான் யோசித்ததே இல்லை.

என் மாணவியின் கேள்விக்கும் அன்றுதான் விடை கிடைத்தது. கணவனை 'வாங்க' என்றும் மனைவியை 'வா' என்றும் சொல்வதும், கணவன் பெயரைச் சொல்லாமல் பிள்ளையின் பெயரோடு 'அப்பா'வைச் சேர்த்து அழைப்பதும், ஏற்கெனவே இருக்கும் ஓர் ஏற்றத்தாழ்வை மொழி தெரிவிக்கும் செயல் என்றே நான் எண்ணியிருந்தேன். தெரிவிக்கும் செயல் மட்டுமன்று, ஒவ்வொரு அழைப்பிலும் அந்த ஏற்றத்தாழ்வை மறுபடியும் உண்டாக்கும் செயல் என்றார் விரிவுரையாளர். மனைவி ஒரு நாள் பெயர் சொல்லி அழைத்தால் என்ன நடக்கும் என்று இளைஞர்களைக் கேட்டார். மணமாகாத ஐந்து பேர் ஒரே குரலில் "ஒண்ணும் நடக்காது மேடம்" என்றார்கள். மணமானவர்கள் பேசவில்லை.

ஏழாம் வாரம் குழந்தைகள் எவ்வாறு பாலினத்தைக் கற்கிறார்கள் என்பது பற்றியது. மற்றவர் செய்வதைப் பார்த்து, பாராட்டையும் தண்டனையையும் கண்டு கற்கிறார்கள் என்பது ஆல்பர்ட் பண்டுராவின் வழி. அவர் 1961இல் 72 குழந்தைகளை வைத்து நடத்திய பொம்மைச் சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாமும் அடித்தன. உடலால் தாக்குவதில், குறிப்பாக ஆண் ஒருவர் அடித்துக் காட்டியபோது, சிறுவர்கள் முந்தினார்கள். லாரன்ஸ் கோல்பர்க் 1966இல் வேறு வழியைச் சொன்னார்: குழந்தை முதலில் தன்னை ஆண் என்றோ பெண் என்றோ பெயரிட்டுக்கொள்கிறது, பிறகு அது வளர்ந்தாலும் மாறாது என்று அறிகிறது, ஆறேழு வயதையொட்டி உடையும் முடியும் மாறினாலும் அது மாறாது என்று தெளிகிறது, அந்தத் தெளிவு வந்தபின் தனக்குரியதைத் தானே தேடிக் கற்கிறது. அங்கன்வாடிப் பணியாளர் இதற்கு உடனே மறுப்புச் சொன்னார். தம்மிடம் வரும் மூன்று வயதுப் பிள்ளைகளே தெர்மகோல் வள்ளம் யாருக்கு, சொப்புச் சாமான் யாருக்கு என்று சண்டையிட்டுப் பிரித்துக்கொள்வதால், தெளிவு வரும்வரை யாரும் காத்திருப்பதாகத் தெரியவில்லை என்றார். சாண்ட்ரா பெம் 1981இல் முன்வைத்த பாலினச் சட்டகம் பற்றிய கோட்பாட்டுக்கு வழிகாட்டிய ஐயங்களுள் அதுவும் ஒன்று என்று விரிவுரையாளர் சொன்னபோது அந்த அம்மாவின் முகத்தில் வந்த மலர்ச்சி, நான் கட்டிய கட்டணத்தில் ஒரு பங்குக்கு ஈடானது. சமூகம் எதையெல்லாம் இருபாலாகப் பிரித்து வைத்திருக்கிறதோ, அந்தப் பிரிவையே உலகைப் பார்க்கும் கண்ணாடியாகக் குழந்தை சிறுவயதிலேயே அணிந்துகொள்கிறது என்பது பெம்மின் கருத்து.

இந்த இடத்தில் நானும் ஒன்று சொன்னேன், இங்கும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைத்தமிழ் நூல்களில் பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய முதல் ஏழும் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொது. கடைசி மூன்றில்தான் வழி பிரிகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். சில நூல்களில் கழங்கும் வரும். இது குழந்தை வளர்ச்சி பற்றிய ஆய்வன்று, சிற்றிலக்கிய இலக்கணமான பாட்டியல் வகுத்த மரபு என்பது எனக்குத் தெரியும். ஆயினும் ஏழு பருவம் வரை ஒன்றாகத் தவழ்ந்த குழந்தை எட்டாவதில் இரண்டாகப் பிரிவதை நம் புலவர்கள் இலக்கணமாகவே வைத்திருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. சிற்றில் பருவத்தில் சிறுமியர் மணலில் வீடு கட்டுகிறார்கள், பாட்டுடைத் தலைவனான சிறுவன் அதைக் காலால் சிதைக்க வருகிறான், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். அதை அழகு என்று இருபது வருடமாக வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பண்டுராவின் பொம்மையைப் படித்த பிறகு அப்படி நடத்த வாய் வரவில்லை. கையேட்டைத் தொகுத்தவர்கள் தமிழ் படித்தவர்கள்தாம். இத்தகைய ஒரு சான்றுகூட அவர்களுக்குத் தோன்றாமல், குழந்தைக்கு இளஞ்சிவப்பு, நீலம் என்று தொட்டிலுக்கு நிறம் பார்க்கும் உதாரணத்தையே நான்கு இடங்களில் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் தொட்டில் என்பது அம்மாவின் பழைய சேலை. அதன் நிறம் எதுவாக இருந்ததோ அதுதான் நிறம்.

எட்டாம் வாரம் டால்காட் பார்சன்ஸ். குடும்பத்தில் ஆண் வெளியுலகோடு தொடர்புடைய காரியங்களையும் பெண் உணர்வு சார்ந்த பராமரிப்பையும் ஏற்பது குடும்பம் என்ற அமைப்பு இயங்க உதவுகிறது என்று 1955இல் ராபர்ட் பேல்ஸோடு சேர்ந்து அவர் எழுதியது அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தைப் பார்த்து. கையேடு இதை உலகப் பொது விதிபோல் எழுதியிருக்கிறது. விரிவுரையாளர் இரண்டு எதிர்ச்சான்றுகளை வைத்தார். ஒன்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தது: கடலில் மூழ்கிப் பாசி எடுத்து, வியாபாரியிடம் விலைபேசி, வீட்டுக்கு வந்து உலை வைக்கும் பெண்ணுக்கு உள்வேலை, வெளிவேலை என்ற கோடு எங்கே? சம்பாத்திய வேலை முடிந்த பின் வீட்டில் தொடங்கும் இரண்டாவது பணிநேரத்தைப் பற்றி ஆர்லி ஹாக்ஷைல்டு 1989இல் எழுதியதை இங்கே இணைத்தார். மற்றொன்று கீழக்கரை. அங்கே மரைக்காயர் குடும்பங்களில் திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண்வீட்டில் தங்குவதும், வீடு மகளுக்குப் போவதும் நெடுநாள் வழக்கம். இதைத் தாய்வழிச் சமூகம் என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது, குடியிருப்பு வேறு, வம்சாவளி வேறு, அதிகாரம் வேறு என்று அவர் எச்சரித்தது எனக்குப் பிடித்திருந்தது. லட்சத்தீவின் தாய்வழி முஸ்லிம்களை ஆராய்ந்த லீலா துபேயைப் பற்றி அப்போதுதான் கேள்விப்பட்டேன். விதை ஆணுடையது, நிலம் பெண்ணுடையது என்ற உருவகமும், பிறந்த வீட்டில் மகள் சிலகாலம் தங்கிப் போகிறவள் என்ற பேச்சும், பூப்புச் சடங்குகளும் சேர்ந்து ஒரு சிறுமியை எப்படிப் பெண்ணாக்குகின்றன என்று அவர் 1988இல் எழுதியிருக்கிறார். மஞ்சள் நீராட்டுக்குச் சாலையெங்கும் பிளெக்ஸ் வைக்கும் ஊரில் விற்கும் கையேட்டில் அவர் பெயர் இல்லாதது பெருங்குறை.

நான்சி சோடரோவ் 1978இல் உளப்பகுப்பாய்வு வழியில் சொன்னதை, அதாவது தாய் மட்டுமே வளர்க்கும் வீட்டில் மகன் 'அம்மாவைப் போல இல்லாதிருப்பது' என்றே ஆண்மையைக் கற்கிறான் என்பதை, கடலுக்குப் போகும் தகப்பன்மாரோடு விரிவுரையாளர் பொருத்திக் காட்டினார். இங்கே நான் உடன்படவில்லை. எங்கள் வீடுகளில் அப்பத்தாவும் சித்தியும் பக்கத்து வீட்டு மதினியும் வளர்த்த பிள்ளைக்குத் தாய் ஒருத்தி மட்டுமே உலகமாக இருந்ததில்லை. மாறாக, ரேவின் கானெல் 1995இல் ஆண்மைகள் என்று பன்மையில் பேசியது கடலோரத்துக்கு நன்றாகவே பொருந்தியது. விசைப்படகின் உரிமையாளர், அதை ஓட்டுபவர், வலை இழுக்கும் கூலியாள், முதல் பயணத்தில் வாந்தியெடுத்து 'நீ ஆம்பளையா' என்ற கேள்வியை வாங்கிய பையன் ஆகிய நால்வரும் ஒரே படகில் ஒரே ஆண்மையோடு இல்லை. எல்லோரும் ஒன்றை மேலானதாக ஒப்புக்கொள்கிறார்கள். அதை அடைந்தவர் சிலரே.

ஒன்பதாம் வாரம் நிறுவனங்கள் பற்றியது, அவசரமாகப் போய்விட்டது. நிறுவனங்களின் விதிகளே பாலினம் சார்ந்தவை என்ற ஜோன் ஆக்கரின் 1990ஆம் ஆண்டுக் கருத்துக்கு, 1986இல் அமைந்த மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவை எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு முழு வகுப்பு நடத்தியிருக்கலாம். பூங்காவுக்குள் அடங்கிய 21 தீவுகளைச் சுற்றிய ஆழமில்லாத இடங்களில் பாசி எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால், பூங்காவுக்குள் நுழையக்கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட தடை யார் அடுப்பில் போய் முடிந்தது என்பது தெளிவு. பாசி எடுக்கும் பெண்களில் மூத்தவர் இதைச் சொல்லத் தொடங்கியபோது மணி ஒன்றாகிவிட்டது. நிற இனமும் பாலினமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பற்றி கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதியதற்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. பரதவர், கடையர், வலையர், மரைக்காயர் என்று பல குழுவினர் வாழும் கரையில் 'மீனவப் பெண்' என்ற ஒற்றைச் சொல்லால் பேசமுடியாது என்பதை அந்த ஐந்து நிமிடத்தில் சொன்னதே பெரிது.

பத்தாம் வாரம் பழைய ஆசிரியர் திரும்பினார். திருநர் பற்றிய பகுதி அவர் கையில் சிக்கியது துரதிருஷ்டம். தமிழ்நாட்டில் 2008இல் நலவாரியம் அமைந்ததையும், 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே அறிவித்துக்கொள்ளும் உரிமையை ஏற்றதையும் வாசித்துவிட்டு, திருநங்கையர், திருநம்பியர் எல்லோரையும் மூன்றாம் பாலினம் என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடினார். தன்னைப் பெண் என்று அறிவிப்பவரை மூன்றாவது என்று எண்ணிக்கையிடுவது அந்தத் தீர்ப்பின் பொருளாகாது என்று ஒரு மாணவி கேட்டதற்கு, தேர்வுக்கு இது போதும் என்பதே பதில். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயருக்குத் தனி ஈறு இல்லை, அது உயர்திணைப் பால் ஈறுகளையே ஏற்கும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே பேசியிருப்பது நினைவுக்கு வந்தது. அன்று சொல்லத் தோன்றவில்லை.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாக. மின்விசிறி மூன்றில் ஒன்று ஓடாது. குடிநீர் உண்டு. கழிப்பறை கீழ்த்தளத்தில், ஜவுளிக்கடையின் பொறுப்பில். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் அது பூட்டியிருக்கும். ஆண்கள் கட்டடத்தின் பின்புறம் போய்வந்தார்கள். பெண்கள் மூன்று மணி நேரமும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆண், பெண் கழிப்பறைகளைத் தனித்தனியாக வைப்பது உடல் வேறுபாட்டின் விளைவாகக் காட்டப்பட்டாலும், உண்மையில் அந்த வேறுபாட்டை உண்டாக்கும் ஏற்பாடுகளுள் ஒன்று என்று எர்விங் கோஃப்மன் 1977இல் எழுதியதை விரிவுரையாளர் விளக்கியபோது, பிரித்துவைக்க இங்கே முதலில் ஒரு கழிப்பறை வேண்டும் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். பன்னிரண்டாம் வாரம்வரை பூட்டுத் திறக்கவில்லை.

இறுதித் தேர்வு ஐம்பது ஒரு மதிப்பெண் வினாக்கள். நூலுக்கு ஆசிரியரையும் ஆசிரியருக்கு ஆண்டையும் பொருத்துவது தவிர வேறு எதையும் அது கேட்கவில்லை. கையேட்டின்படி போவாருக்கு 1969 என்று குறித்தவர்களுக்கே மதிப்பெண் கிடைத்தது. 1949 என்று குறித்த நான் முறையிட்டு வாங்கினேன். சான்றிதழுக்குத் தனியாக 300 ரூபாய் கேட்டார்கள். சேரும்போது சொல்லப்படாத தொகை அது.

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர் இந்தக் கையேட்டை மட்டும் நம்பிச் சேரவேண்டாம். கலைச்சொல்லும் ஆண்டும் நம்பத்தக்க வேறு பாடநூலைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஐந்தாம் வாரம் முதல் ஒன்பதாம் வாரம் வரையிலான பகுதிக்காகவே சேரலாம். சேரும் முன்பாக, அந்த விரிவுரையாளர்தான் நடத்துகிறாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் இல்லாவிட்டால் 3,500 ரூபாய் அதிகம்.

பாசி எடுக்கும் இருவருக்கும் சான்றிதழ் கிடைக்கவில்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று பாசி இனப்பெருக்கத்தை எண்ணி அவர்கள் தமக்குள் வரம்பு வைத்திருக்கிறார்கள்; அந்த நாள்கள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் வகுப்புக்கு வரமுடியாது. அப்படி நான்கு ஞாயிறு போனது. வருகை 75 விழுக்காடு இருக்கவேண்டும் என்பது நிலையத்தின் விதி, அவர்களுடையது 67. மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி விடுபட்டதை நடத்தத் தாம் ஆயத்தம் என்று விரிவுரையாளர் சொன்னதை அலுவலகம் ஏற்கவில்லை. அடுத்த அணிக்கான சுவரொட்டி கடந்த வாரம் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டப்பட்டிருந்தது. 'மகளிருக்குச் சிறப்புச் சலுகை, கட்டணத்தில் 200 ரூபாய் குறைவு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. நேரம் ஞாயிறு காலை பத்து முதல் ஒன்று வரைதான்.